கூழைக்கடா மாஸ்டர்

சுல்பா எழுதிய ஐந்து சிறுவர் புத்தகங்களிலும் கெட்டவன் ஒரே ஆள்தான். முதல் புத்தகத்தில் கீரியாக வந்தான், இரண்டாவதில் கடைக்காரனாக, மூன்றாவதில் கிழட்டு ஆமையாக. வேஷம்தான் மாறியது. கதையில் எங்காவது ஓரிடத்தில் அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவான், சட்டை நுனியால் துடைப்பான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பிடியா சங்கதி?" என்று கேட்பான். ஒவ்வொரு புத்தகத்திலும் அவனுக்குக் கிடைத்த முடிவு முந்தியதைவிட மோசமாக இருந்தது.

இதை முதலில் கண்டுபிடித்தவள் மெலனி. கண்டக்குழியில் சுற்றுலா விடுதிச் சுவர்களில் ஆமையும் டொல்பினும் வரைகிறவள். ஐந்தாவது புத்தகத்துக்குப் படம் போட ஒப்புக்கொண்டு, பழைய நான்கையும் வாசித்துவிட்டு, புத்தளத்தில் பஸ் மாறிக் கரைத்தீவுக்கு வந்திருந்தாள். சுல்பா அங்கே முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் போன பிறகு சின்னக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்டு கேட்டா கோவிக்க மாட்டியளே? உங்கட கெட்டவங்கள் எல்லாரும் ஏன் கண்ணாடி துடைக்கிறாங்கள்?"

சுல்பா கையிலிருந்த கதிரையை வைத்தாள். அலுமாரியைத் திறந்து, ஒரு பாடசாலை நினைவு மலரை எடுத்து, நடுப்பக்கத்தை விரித்துக் காட்டினாள். கோட் போட்ட ஒரு மனிதரின் படம். தாடைக்குக் கீழே தசை தொங்கியது. எதிரே நிற்பவன் பொய் சொல்கிறான் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது போலத் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"இந்த மூஞ்சிய புதுக் கதையில வார கூழைக்கடாப் பறவைக்கு வெக்க ஏலுமா?"

"ஆரிது?"

"ஒரு சேர்."

"செத்துப்போனவரா?"

"இல்ல. புத்தளத்திலதான் இரிக்கார். நல்லா இரிக்கார்."

அந்த 'நல்லா இரிக்கார்' வந்த விதத்தைக் கேட்டு மெலனி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. படத்தைப் போனில் எடுத்துக்கொண்டாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், இயக்கம் முஸ்லிம்களை மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது, சுல்பாவுக்கு எட்டு வயது. எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். அவளுடைய வாப்பா மீரா முகைதீன் ஊரில் சங்கக்கடைக் கிளாக்கர். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனை வைத்திருப்பவர். இங்கே வந்ததும் அகதி முகாமில் இருந்துகொண்டு வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்.

உள்ளூர்ப் பிள்ளைகள் காலையில் படித்துவிட்டுப் போன அதே வகுப்பறைகளில் பின்னேரம் அகதிப் பிள்ளைகளுக்குப் படிப்பு நடந்தது. அதைப் பொறுப்பாகப் பார்த்தவர் பதுர்தீன் சேர். உப அதிபர், தமிழ்ப் பாடமும் அவர்தான். சுல்பாவுக்குப் பதினொரு வயதானபோது பாடசாலைகளுக்கிடையில் ஒரு கதைப் போட்டி வந்தது. முகாமுக்குள், சாக்குத் தடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, நான்கு நாட்களாக அவள் ஒரு கதை எழுதினாள். உப்புச் சுமந்த கழுதை ஒன்று கடலைப் பார்த்து, 'நீ எப்படி இவ்வளவு உப்பையும் சுமக்கிறாய்?' என்று கேட்கிற கதை. பென்சில் மழுங்கும்போதெல்லாம் வாப்பா கத்தியால் சீவிக் கொடுத்தார். முடித்ததும் அவர்தான் முதலில் வாசித்தார். வாசித்துவிட்டு, உம்மாவைக் கூப்பிட்டு, திரும்பவும் சத்தமாக வாசித்தார்.

பதுர்தீன் சேர் அதை வகுப்பில் நின்றபடியே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்பிடியா சங்கதி? எந்தப் புத்தகத்தில இரிந்து எடுத்த?"

"நான் எழுதினது சேர்."

"கேம்ப்பில இரிந்து வார புள்ள இப்பிடி எழுதாது. நாளைக்கு வாப்பாவக் கூட்டிட்டு வா."

வாப்பா தோட்டத்திலிருந்து நேரே வந்தார். காலில் முழங்கால்வரை சேறு. அவரை இருக்கச் சொல்லவில்லை. பின்னேர வகுப்புகளை நிறுத்தப் போகிறார்கள் என்ற கதை அந்த மாதம் முழுக்க முகாமில் அடிபட்டுக்கொண்டிருந்தது. நிறுத்துவதும் விடுவதும் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர் கையில் என்று எல்லோரும் நம்பினார்கள். வாப்பா மகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு சேரைப் பார்த்துச் சொன்னார்:

"மன்னிச்சிக்கொள்ளுங்க சேர். புள்ள தெரியாமச் செஞ்சிட்டா."

அடுத்த நாள் முற்றத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சுல்பா நின்று, 'நான் கதையைக் களவெடுத்தேன்' என்று சொல்ல வேண்டியிருந்தது. முதல் தரம் சத்தம் போதவில்லை என்று சேர் இரண்டாம் தரமும் சொல்ல வைத்தார். கதைத் தாள்களை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடைக்குள் போட்டார்.

அதைப் பற்றி வாப்பா வீட்டில் வாயே திறக்கவில்லை. பத்தொன்பது வருஷம் திறக்கவில்லை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோதுதான் சொன்னார்: "அண்டைக்கு நான் அந்தச் சொல்லச் சொல்லியிரிக்கக் கூடாது, மகள்." பரவாயில்லை வாப்பா என்று சுல்பா அவருடைய காலைத் தடவினாள். இரண்டு நாளில் மௌத்தாகிவிட்டார். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்து, வந்தவர்களை அனுப்பிவிட்டு, அவள் ஒரு கொப்பியை எடுத்து, கண்ணாடி துடைக்கிற ஒரு கீரியைப் பற்றி எழுதத் தொடங்கினாள்.

அவளுடைய புத்தகங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதியவர்கள் 'அன்பு ததும்பும் உலகம்' என்றார்கள். அவள் அதை வாசித்துச் சிரித்துக்கொண்டாள். காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன், வெறுந்தேத்தண்ணியோடு உட்கார்ந்து எழுதும்போது அவளுக்குள் இருந்தது அன்பு அல்ல. முயலும் நண்டும் குருவியும் பேசுகிற பக்கங்களைக் கடமைக்கு எழுதினாள். கெட்டவன் வருகிற பக்கம் வந்தால் மட்டும் பேனை தானாக ஓடியது.

ஐந்தாவது புத்தகத்துக்கு 'கூழைக்கடா மாஸ்டர்' என்று பெயர் வைத்தாள். கடலோரக் களப்பில் ஒரு சின்ன நண்டு பாட்டுக் கட்டுகிறது. கூழைக்கடா மாஸ்டர் அது களவுப் பாட்டு என்கிறார். நண்டின் தகப்பன் மன்னிப்புக் கேட்கிறது. கடைசியில் உண்மை தெரிந்து, களப்பில் உள்ள எல்லா உயிர்களும் மாஸ்டருக்கு முதுகைத் திருப்புகின்றன. மெலனி கடைசிப் பக்கத்தில், களப்பு நடுவே நட்ட கம்பொன்றில், மழையில், கண்ணாடி நனைந்து, தன்னந்தனியாக இருக்கிற கூழைக்கடாவை வரைந்திருந்தாள். தாடைத் தசை அச்சாக அப்படியே இருந்தது. அந்தப் படத்தைச் சுல்பா அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புத்தகத்துக்குத்தான் அந்த ஆண்டின் சிறந்த சிறுவர் நூல் என்று கொழும்பில் தேசியப் பரிசு கிடைத்தது.

புத்தளத்தில் வாசகர் வட்டம் நடத்துகிற ஃபஸ்லான் பாராட்டு விழா ஏற்பாடு செய்ய வந்தார். பிரதம விருந்தினராக யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டார்.

"பதுர்தீன் சேரக் கூப்பிடுங்க. எனக்குத் தமிழ் படிப்பிச்சவர்."

"மாஷா அல்லாஹ்! அவர விடப் பொருத்தமான ஆள் ஆரு? ரிட்டயர்ட் ஆகி இவ்வளவு காலம், ஆரும் கவனிக்கிறதில்ல. மனுஷன் சந்தோஷப்படுவார்."

"பிள்ளைகள வெச்சிப் புத்தகத்த நாடகமாப் போடுவோம். நானே பழக்கிறேன்."

மூன்று வாரம் பழக்கினாள். கூழைக்கடாவாக நடித்தவள் பக்கத்து வீட்டு ரஸாக்கின் மகள், எட்டு வயது, நல்ல சூட்டிகை. கண்ணாடியை எந்தக் கையால் கழற்ற வேண்டும், எவ்வளவு நேரம் துடைக்க வேண்டும், தலையை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்றெல்லாம் சுல்பா செய்து காட்டினாள். பிள்ளை பிசகினால், "இல்ல, இன்னும் மெதுவா. மத்த ஆள் காத்துக்கொண்டிரிக்கணும்" என்று திரும்பவும் செய்யச் சொன்னாள்.

விழா ஒரு ஞாயிறு காலை நடந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பதுர்தீன் சேர் இருந்தார். எழுபத்தெட்டு வயது. உடம்பு சுருங்கியிருந்தது, தாடை மட்டும் சுருங்கவில்லை. பக்கத்தில் அவருடைய மகளின் பிள்ளை ஃபஹ்மியா.

கூழைக்கடா மேடைக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து, "அப்பிடியா சங்கதி?" என்றதும் பின்வரிசைகளிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. அங்கே இருந்தவர்கள் பழைய மாணவர்கள், இப்போது தலை நரைத்தவர்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னுக்கு வந்தது. ஒருவர் மற்றவரின் தொடையில் தட்டினார். சில பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்ற சுல்பா சேருடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷமாக அவள் காத்திருந்தது அந்த முகம் மாறுவதைப் பார்க்கத்தான்.

பதுர்தீன் சேர் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரையும்விடச் சத்தமாக, கண்ணில் தண்ணீர் வர, கைதட்டிச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். மண்டபமே அதிர்ந்தது. அவர் திரும்பிப் பார்த்து, எல்லோரும் நாடகத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, இன்னும் சிரித்தார்.

பிறகு பேசவும் செய்தார். "இந்தப் புள்ளைக்கு அகரம் ஆகாரம் திருத்திக் கொடுத்தது இந்தக் கைதான். அந்தக் கூழைக்கடா மாதிரி வாத்திமார் இப்பவும் இரிக்காங்க. அவங்கள நம்ம அடையாளங் காணணும்!" என்றார். கைதட்டல் ஓய வெகு நேரம் எடுத்தது. பொன்னாடையை அவர்தான் போர்த்தினார். சுல்பா குனிய வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பொன்னாடையைச் சமையலறை மூலையில் எறிந்தாள். அடித்த அடி ஆள்மேல் படவேயில்லை. ஊருக்கு விளங்கியது அவருக்கு விளங்கவில்லை. அது அவளுக்கு அந்தப் பழைய நாளைவிடப் பெரிய அவமானமாக இருந்தது.

அடுத்த நாள் பத்து மணிபோல் அவருடைய வீட்டுக்குப் போனாள். ஃபஹ்மியா கேற்றைத் திறந்தாள். விறாந்தையில் சேர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மடியில் புத்தகம்.

"வாங்க மகள், வாங்க! இவளுக்கு இது மூணாம் தரம் வாசிக்கிறேன். விடுறாள் இல்ல. இரிங்க, இரிங்க."

சுல்பா இருக்கவில்லை.

"சேர், அந்தக் கூழைக்கடா ஆருண்டு தெரியுமா?"

"ஆரு?"

"நீங்க."

அவர் பகிடி என்று நினைத்துச் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சுல்பா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கழுதைக் கதை, சேற்றுக் கால், இரண்டாம் தரம் சொல்ல வைத்தது, நாலாகக் கிழித்தது. குரல் உயரவில்லை. பல வருஷமாகச் சொல்லிப் பழகியிருந்ததால் ஒரு சொல்லும் தடுக்கவில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கை தன்பாட்டில் கண்ணாடிக்குப் போனது.

"பாத்தீங்களா உம்மப்பா," என்று ஃபஹ்மியா கத்தினாள், "நீங்களும் அப்பிடியே செய்றீங்க!"

கண்ணாடி ஒரு கையிலும் சட்டை நுனி மறு கையிலுமாகச் சேர் அப்படியே உறைந்து போனார். நேற்றைய சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அவருடைய காதுக்குள் திரும்பி வருவது சுல்பாவுக்குத் தெரிந்தது. முகம் சாம்பலாகிவிட்டது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். இதற்குத்தான் வந்தாள். ஒரு சொட்டும் வீணாகவில்லை.

"நீ உள்ளுக்குப் போ, மகள்," என்றார் ஃபஹ்மியாவிடம். பிள்ளை போன பிறகு கண்ணாடியை மடித்துப் புத்தகத்தின்மேல் வைத்தார்.

"எனக்கு ஞாபகமில்ல, சுல்பா. அல்லாஹ் மேல ஆணையா ஞாபகமில்ல. எத்தனயோ புள்ளைகள்... ஆனா உங்கட வாப்பாவே மன்னிப்புக் கேட்டாருண்டு சொல்றீங்க. அவர் 'இல்ல, என்ட புள்ளதான் எழுதினா' எண்டு சொல்லியிரிந்தா..."

"சொல்லியிரிந்தா நம்பியிரிப்பீங்களா?"

சேர் தரையைப் பார்த்தார்.

"நம்பியிரிக்க மாட்டேன்," என்றார். பிறகு, "நான் வீட்டுக்கு வாரேன். உம்மாட முன்னால மன்னிப்புக் கேக்கிறேன். வாப்பாட கபுறடிக்கும்..."

"அங்க வர வேணாம்." அப்போதுதான் அவள் குரல் முதல் தரம் உயர்ந்தது. "வாப்பா எழும்பி நிக்க ஏலாத இடத்தில போய் நீங்க நிக்க வேணாம். உங்கள மன்னிப்புக் கேக்க வெக்க நான் வரல்ல. தெரியப்படுத்தத்தான் வந்தேன்."

அன்று பின்னேரம் எல்லாவற்றையும் மெலனியிடம் போனில் சொன்னாள்.

"அப்ப என்ட கையால அடிச்சிருக்கிறியள்," என்றாள் மெலனி. "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னா வரைஞ்சிரிக்க மாட்ட."

"வரைஞ்சிருப்பன். தாடையை இன்னும் பெருசாப் போட்டிருப்பன்."

அந்த மாதம் முழுக்கப் புத்தளம் கடைத்தெருவில் பிள்ளைகள் சேரைக் கண்டால் இரண்டு விரலை வளையமாக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். அவர் தேத்தண்ணிக் கடைக்குப் போவதை விட்டார். ஜும்மாவுக்குப் போனாலும் பின்வரிசையில் தொழுதுவிட்டு முதல் ஆளாக வெளியேறினார். அவருடைய மகள் சுல்பாவுக்குப் போன் எடுத்து, அடுத்த பதிப்பில் அந்தக் கண்ணாடியையாவது எடுத்துவிட ஏலாதா என்று அழுதாள். ஏலாது என்றாள் சுல்பா. அந்தச் சொல்லைப் பிறகும் அவள் திரும்ப எடுக்கவில்லை.

பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு திங்கட்கிழமை பதுர்தீன் சேர் யாருக்கும் சொல்லாமல் அந்தப் பழைய பாடசாலைக்குப் போனார். காலைக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேச அனுமதி கேட்டார். எண்ணூறு பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, "தொண்ணூத்தி மூணாம் ஆண்டு, இதே முற்றத்தில, மீரா முகைதீன்ட மகள் சுல்பாவ, அவள் எழுதின கதய களவெடுத்ததாச் சொல்ல வெச்சேன். அவள் களவெடுக்கல்ல. நான்தான் பிழை செஞ்சேன்" என்றார். சத்தம் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, மைக்கைக் கிட்டப் பிடித்து இரண்டாம் தரமும் சொன்னார்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஓர் ஆசிரியர் போனில் வீடியோ எடுத்துப் பேஸ்புக்கில் போட்டார். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. 'எவ்வளவு பெரிய மனசு', 'இப்படியும் ஒரு ஆசான்', 'கண் கலங்கிவிட்டது' என்று கீழே எழுதினார்கள். ஃபஸ்லான் அவளுக்குப் போன் எடுத்து, "நீங்க குடுத்து வெச்ச ஆள், சுல்பா. இப்பிடி ஒரு சேர் ஆருக்குக் கிடைப்பார்?" என்றார். தேத்தண்ணிக் கடையில் சேருக்குத் திரும்பவும் இடம் கிடைத்தது. இப்போது அவருக்கு எழுந்து கதிரை கொடுத்தார்கள்.

சுல்பா அந்த வீடியோவை ஒரு தரம் பார்த்தாள். வாப்பாவின் பெயரை அந்த வாய் சொன்ன இடத்தில் அழுகை வந்தது. உம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். உம்மா கையேந்தி, "போதும் மகள், விட்டிரு" என்றார். கைதட்டல் தொடங்கியதும் சுல்பாவுக்கு அழுகை நின்று போயிற்று. அன்றைக்கு வாப்பா மன்னிப்புக் கேட்டபோது யாரும் கைதட்டவில்லை. இவருக்கு அதிலும் கைதட்டல். அவளுடைய அவமானத்தை எடுத்து அவர் தனக்குப் பொன்னாடையாகப் போர்த்திக்கொண்டார் என்று அவளுக்குப் பட்டது. அப்படி நினைப்பது நியாயமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தாள். நியாயமில்லாமல் இருக்கலாம் என்றும் பட்டது. கோபம் அப்படியேதான் இருந்தது.

அடுத்த நாள் காலை ஆறாவது புத்தகத்தைத் தொடங்கினாள். கூழைக்கடா மாஸ்டர் கம்பிலிருந்து இறங்கி வந்து களப்பு முழுக்கக் கேட்க மன்னிப்புக் கேட்கிறார். மீன்களும் கொக்குகளும் அவரைத் தூக்கிக் கொண்டாடுகின்றன. நண்டிடம் வந்து, 'நீயும் சொல்லு, மன்னித்துவிட்டேன் என்று சொல்லு' என்று நச்சரிக்கின்றன. நண்டு தன் வளைக்குள் போய் ஒரு புதுப் பாட்டுக் கட்டுகிறது. அவ்வளவுதான் கதை. அவள் எழுதியதிலேயே சீக்கிரம் முடிந்தது அதுதான்.

பதிப்பகத்தில் புத்தகத்தைப் பார்க்கிற ஷானிகா கொழும்பிலிருந்து போன் எடுத்தாள்.

"டீச்சர், கத நல்லா இருக்கு. கடைசிப் பக்கத்தில மட்டும் ஒரு வசனம் சேர்ப்பமா? நண்டு மன்னிக்குது எண்டு. சின்னப் பிள்ளைகள் வாசிக்கிறது தானே. பரிசு வாங்கின ஆள்ட புத்தகம், பெற்றோர் எதிர்பார்ப்பாங்க."

"நண்டு மன்னிக்கல்லயே, ஷானிகா."

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பிள்ளைகளுக்கு அது விளங்காது."

"இரிங்க, கேட்டுச் சொல்றேன்," என்று சுல்பா போனை வைத்தாள்.

முன்பள்ளியில் பதினெட்டுப் பிள்ளைகள் பாயில் வட்டமாக இருந்தார்கள். மெலனி அனுப்பியிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கதையை வாசித்தாள். முடிந்ததும் ஒரு பிள்ளை கேட்டது:

"டீச்சர், நண்டு ஏன் கூழைக்கடாவோட கதைக்கல்ல?"

"அதுக்கு விருப்பமில்ல."

"கூழைக்கடா 'ஸொரி' சொன்னது தானே?"

"ஓம், சொன்னது. ஆனாலும் நண்டுக்கு விருப்பமில்ல."

பிள்ளை யோசித்தது. "சரி," என்றது. "அந்தப் புதுப் பாட்டு என்ன பாட்டு?"

மற்றப் பிள்ளைகளும் பாட்டு, பாட்டு என்று கத்தத் தொடங்கினார்கள். புத்தகத்தில் அவள் பாட்டை எழுதியிருக்கவில்லை. அங்கேயே, அந்த நேரத்திலேயே, மெட்டுக்கும் சொல்லுக்கும் தடுமாறிக்கொண்டு ஒன்றைக் கட்டிப் பாடினாள். முதல் அடியைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள், இரண்டாவது அடி சரிவரவில்லை. மாற்றினாள். அது சரிவந்ததும் கொப்பியில் எழுதிவைத்துவிட்டு, ஷானிகாவுக்குப் போன் எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஒரு பாட்டு மட்டும் சேர்க்கச் சொன்னாள்.